அடுத்த வீட்டுக்கு வந்த அம்மா

தென்காசியில் எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு குடிநீர்க் குழாய் வந்தது, எந்த ஆண்டு சாரல் பிந்தியது, எந்த ஆண்டு அருவியில் வெள்ளம் வந்து கரையோரக் கடைகளை அள்ளிக்கொண்டு போனது என்றெல்லாம் கேட்டால் அந்தக் காலத்தில் என்னிடம் உடனே பதில் கிடைக்கும். யாரும் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுவேன்.

பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாலையில் நூலகம். நூலகம் மூடியபின் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ஊரில் நடந்ததைத் தேதியிட்டு எழுதுவது. இதற்குச் சம்பளம் கிடையாது, வாசகரும் கிடையாது. திருமணம் ஆனபிறகு ஒரு வாசகர் கிடைத்தார். அவர் பள்ளி ஆசிரியை. சிவப்பு மை வைத்துக்கொண்டு படிப்பார்.

எழுபதுகளின் நடுவில் பெரியம்மையைத் தேடிச் சுகாதாரத் துறை ஆட்கள் தெருத் தெருவாக வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் அம்மை போட்ட குழந்தையின் படம் ஒட்டிய அட்டை வைத்திருப்பார்கள். இந்த மாதிரி யாருக்காவது வந்திருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். பிறகு சில ஆண்டுகளில் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று செய்தி வந்தது. அன்று நான் எழுதிய வரி இது: ‘இத்துடன் வாசலில் வேப்பிலை செருகும் வழக்கமும் நம் ஊரில் முடிவுக்கு வந்தது.’ சின்னம்மை என்று ஒன்று இருப்பது அந்த வரியை எழுதும்போது தோன்றவில்லை. ஊர் வரலாறு எழுதுகிறவனுக்கு ஒரு கோளாறு உண்டு. ஒன்று முடிந்தது என்று எழுதிவிட்டால், அது முடிந்தே போய்விட்டதாக நம்பிவிடுவான்.

இந்தக் கோளாறோடுதான் 1981ஆம் ஆண்டின் சாரல் காலத்துக்குள் நுழைந்தேன். அதே ஆண்டில்தான் இன்டர்ஃபெரான் பைத்தியமும் எனக்குப் பிடித்தது.

நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் அப்போது இன்டர்ஃபெரான் பற்றித்தான் பேச்சு. புற்றுநோயையே தீர்த்துவிடும் என்றுகூட எழுதினார்கள். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது அது வேலை செய்யும் விதம். நம் உடம்பிலுள்ள ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்துவிடுகிறது. அந்தச் செல் அநேகமாகப் பிழைக்காது. சாகப் போகிற அந்தச் செல் ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடுகிறது. அதுதான் இன்டர்ஃபெரான். அது வைரஸைக் கொல்வதில்லை. பக்கத்துச் செல்களிடம் போகிறது. அந்தச் செல்களின் வெளிச்சுவரில் அதை வாங்கிக்கொள்வதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் போய் இன்டர்ஃபெரான் உட்கார்ந்ததும், உள்ளே செய்தி பாய்கிறது. பக்கத்துச் செல் உஷாராகி, வைரஸ் வந்தாலும் பெருக முடியாதபடி தன்னை மாற்றிக்கொள்கிறது.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறு ஒன்று. உடம்பின் மற்ற காவல், பழைய வழக்குகளை நினைவில் வைத்திருக்கும் காவல். ஒருமுறை வந்த கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் பிடிக்கும். என் இனம். ஆனால் அதற்குத் தயாராக நாள் பிடிக்கும். அதற்கு முன்பே, முதல் சில மணி நேரங்களில் உடம்பைக் காப்பது இந்த இன்டர்ஃபெரான் சத்தம்தான். வந்தவன் யார், முன்பு வந்திருக்கிறானா என்று அது விசாரிப்பதில்லை. பக்கத்தில் ஒருவன் கத்தினான், கதவைச் சாத்து, அவ்வளவுதான். தேதியே பார்க்காத ஒரு காவலை எழுத்தில் புகழ வேண்டிய நிலைமை எனக்கு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. ஞாயிறு மாலைகளில் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடுவோம். அதன் செயலாளர் தமிழாசிரியர், ஓய்வு பெறும் வயது, எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆடி மாதக் கடைசிக் கூட்டத்தில் இன்டர்ஃபெரான் பற்றிப் பேசுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். மகிழ்ந்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்றார். இன்டர்ஃபெரானை அப்படியே விட்டுவிட ஒப்புக்கொண்டார். செல்லின் மேலிருக்கும் அந்த உறுப்புக்குத்தான் சண்டை. நான் ‘கொண்டி’ என்றேன். கதவில் மாட்டுகிற கொண்டி. வருவதைப் பிடித்துக்கொள்ளும், பொருத்தமான சொல் என்று வாதாடினேன்.

“கொண்டின்னா நம்ம ஊர்ல மாடுல்லா,” என்றார் அண்ணாச்சி. “அடுத்தவன் வயல்ல மேயுத மாடு. செல்லு மேல மாடு மேயுதுன்னு நெனச்சிரப் போறான்.”

கடைசியில் ‘வாங்கி’ என்று முடிவாயிற்று. ‘இன்டர்ஃபெரானும் அதன் வாங்கிகளும்’ என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். மறுநாளே மருந்துக் கடைக்காரர் ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்தி, என்ன விலை, எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார். பின்னாளில் பாடப்புத்தகங்களில் ‘ஏற்பி’ என்ற சொல் வந்தது. நல்ல சொல். எங்கள் சண்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்போது என் மனைவி வளைகாப்பு முடிந்து இலஞ்சியில் தாய்வீட்டில் இருந்தார். முதல் பிரசவம். ஆடிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தென்காசியில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் இலஞ்சி போய் வருவேன்.

நாங்கள் குடியிருந்தது ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் ஒன்று. பின்புறம் கிணறு பொது. அடுத்த வீட்டில் ஓர் அக்கா, அவர் கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். ஆடி பாதி கழிந்திருக்கும். காலையில் நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கிணற்றுப் பக்கம் வராமல், தன் பின்வாசலிலேயே நின்று சொன்னார்:

“தம்பி, வீட்டுக்கு அம்மா வந்திருக்கா. பாத்துக்கிடுங்க.”

சாரல் காலத்தில் தென்காசியில் விருந்தாளி இல்லாத வீடு கிடையாது. அருவியில் குளிக்க எங்கிருந்தெல்லாமோ உறவினர்கள் வந்து இறங்குவார்கள். அக்காவின் அம்மாவும் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்தேன். ஆடி மாதம், அம்மனுக்குச் செருகியிருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். அம்மை வெயில் காலத்தில் வருவது, சாரலில் யார் அதை நினைப்பார்கள்? தவிர, வேப்பிலை வழக்கம் முடிந்துவிட்டது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

மாலையில் அலுவலகம் விட்டு வரும் வழியில் மங்குஸ்தான் பழம் வாங்கினேன். ஒரு பெரியவர் வந்திருக்கும்போது, பார்த்துக்கொள்ளச் சொல்லி வாய்விட்டுக் கேட்டிருக்கும்போது, போகாமல் இருப்பது மரியாதை இல்லை.

அக்கா கதவைத் திறந்து என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா வந்திருக்கான்னு சொன்னீங்கள்லா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அக்கா.”

அவர் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளாலும் பழத்தை வாங்கி, விளக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். பெற்றவர்மேல் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளறை வாசலில் ஒரு சேலையைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். திரைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

“எப்ப வந்தாங்க?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கெழம.”

“சௌகரியமா இருக்காங்களா?”

“மொதல்ல உக்கிரமாத்தான் இருந்தா. இப்பக் கொஞ்சம் குளுந்திருக்கா.”

மருமகனோடு ஏதோ மனத்தாங்கல் போலும் என்று புரிந்துகொண்டேன். குடும்ப விஷயம், மேலே தோண்டவில்லை. எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டேன்.

“அத நாம சொல்ல முடியுமா தம்பி? மூணு தண்ணி ஊத்துனா எறங்கிருவா.”

மூன்று தண்ணீர். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். மூன்றிலும் குளித்து முடித்தால் ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் சாரல் பலமாக இருந்தது, வயதானவர். இந்தக் குளிரில் ஒத்துக்கொள்ளுமா என்று கவலைப்பட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயில் வரும்போது காயவைத்துத்தான் ஊற்றுவோம் என்றார் அக்கா. அருவித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து, வெயிலில் வைத்து, அதையும் மூலிகையோடு ஊற்றும் மகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

“எங்க எறங்கணும்?” என்று கேட்டேன். ரயில் நேரம் எனக்கு மனப்பாடம்.

“எங்க எறங்குனா என்ன தம்பி. நல்லபடியா எறங்கணும்.”

அதுவும் சரிதான் என்றேன். வயதானவர்கள் ரயிலிலிருந்து இறங்கும்போது தடுமாறி விழுவதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் கிளம்பவில்லை. பேச்சைத் தொடர வேண்டுமே என்று, வாசகர் வட்டத்தில் பேசப் போகும் விஷயத்தை அக்காவுக்கு விளக்கினேன். ஒரு செல் கத்தும், பக்கத்துச் செல்லில் அதைக் கேட்க ஓர் உறுப்பு இருக்கும், அது சரியாக இருந்தால் பக்கத்துச் செல் தப்பிக்கும் என்று கையை ஆட்டி விரிவாகச் சொன்னேன். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது திரையைப் பார்த்துக் கும்பிட்டு, “வாரேன்மா, உடம்பப் பாத்துக்கிடுங்க” என்றேன். உள்ளேயிருந்து மெல்லிய முனகல் கேட்டது. குரல் வயதுக்கு இளமையாக இருந்ததைக்கூடக் கவனித்தேன்.

ஞாயிறன்று இலஞ்சிக்குப் போனேன். என் மனைவி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் பெஞ்சில். வார நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லி வந்தவன், அடுத்த வீட்டு அக்காவின் அம்மாவுக்கு நடக்கும் பணிவிடையையும் சொன்னேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தவனை நிறுத்தினார்.

“அந்த அக்காவுக்கு ஏதுங்க அம்மா? போன வருஷந்தான செத்துப்போனாங்க. நீங்கதான தேதியெல்லாம் எழுதி வச்சீங்க.”

எழுதித்தான் வைத்திருந்தேன். தமிழ் மாதம், ஆங்கில மாதம், கிழமை மூன்றும்.

அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அம்மையா என்று கேட்டார், பழம் வேற குடுத்தீங்களா என்று கேட்டார், மறுபடி சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

“எந்திரிங்க,” என்றார். “அங்கன சுவத்துப் பக்கம் போய் நில்லுங்க.”

நான் சுவரோரம் போய் நின்றுகொண்டு, தொற்றிய உடனே யாரும் பரப்ப முடியாது, ஒன்றிரண்டு வாரமாவது ஆகும் என்று விளக்கினேன். உண்மைதான். அவர் அதை மறுக்கவில்லை. தனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை என்றார். தன் அக்காளுக்கு வந்தபோது இவரைச் செங்கோட்டையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். பிரசவ நேரத்தில் தாய்க்கு அம்மை வந்தால் பிறக்கிற குழந்தைக்கு ஆபத்து என்று அவர் பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

“ஒங்களுக்கு வந்திருக்கா?”

தென்காசிக்குக் குழாய் வந்த வருஷம் தெரியும். எனக்கு அம்மை வந்ததா என்று தெரியாது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேட்க மிச்சமிருந்தது என் அண்ணன் ஒருவர்தான். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு நேரே பஸ் ஏறினேன்.

லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் என் கேள்வியைக் கேட்டு இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

“ஏலே, ஊருக்கெல்லாம் தேதி வச்சிருக்கவன், ஒனக்கு வந்தத எங்கிட்ட வந்து கேக்க?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “நம்ம ரெண்டு பேருல ஒருத்தனுக்கு வந்துச்சு. ஒருத்தன் அழுதான். வந்தவன் அழுதானா, வராதவன் அழுதானான்னு தெரியல லே.”

வராதவன் ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன். வந்தவனுக்கு இளநீர் கொடுத்தார்கள், அதனால் இருக்கும் என்றார். எனக்கு இளநீர் ஞாபகம் கொஞ்சமும் இல்லை. அது கவலையாக இருந்தது.

அன்றிலிருந்து இலஞ்சிக்குப் போகவில்லை. மாமியார் ஆள் அனுப்பி எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். வருகிறவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றே கேட்டுக்கொண்டு போவார். அலுவலகத்துக்கு விடுப்பு போட்டேன். அக்காவின் மகளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி அம்மா இறங்கிவிட்டாள். அக்காவிடம் நடந்ததைச் சொல்லி, ஏன் அன்று என்னை உள்ளே விட்டீர்கள் என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“நான் வரவேண்டாம்னுதான சொன்னேன். நீங்க பழத்தோட வந்து நிக்கிய. சாமி கும்பிட வந்திருக்கியன்னுலா நெனச்சேன். கும்பிட வந்தவங்கள போன்னு எப்படிச் சொல்ல?”

அவர் சொன்னதில் குறை ஒன்றுமில்லை. கத்த வேண்டியவர் முறைப்படி கத்திவிட்டார், வாசலில் இலையும் செருகிவிட்டார். தெருவில் மற்ற எல்லாருக்கும் அது கேட்டிருக்கிறது. பால்காரர் பாலை வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோழிக்குஞ்சின் செல்லில் உண்டான இன்டர்ஃபெரான் எலியின் செல்லில் பலிக்காது, வாங்கியின் வடிவம் வேறு என்று நான் என் உரையில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கோழி, எலி அளவிலேயே நிறுத்தியிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, சிலருக்குப் பிறவியிலேயே இந்த ஏற்பி சரியாக அமைவதில்லை, அவர்களுக்கு மற்றவர்கள் எளிதில் தாண்டிவிடும் வைரஸ்கூடப் பெரிய ஆபத்தாகிவிடும் என்று படித்தேன். பாவம் அவர்கள், அது அவர்கள் குற்றமில்லை. எனக்கு அமைந்திருந்தது. நான் அதற்கு இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசகர் வட்டத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். நோட்டீஸ் ஒட்டியாயிற்று, கட்டுரையைக் கொடுத்துவிடும், நான் வாசிக்கிறேன் என்றார் அண்ணாச்சி. அந்தக் கட்டுரை பட்ட பாட்டைப் பிறகு அவரே சொன்னார். இருபது பேர்போல வந்திருந்தார்களாம். வாங்கி என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். யாருக்கும் எதுவும் ஏறவில்லை. எழுதியவர் ஏன் வரவில்லை என்று கடைசியில் ஒருவர் கேட்க, அம்மை போடுமோ என்று வீட்டில் இருக்கிறார் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். கட்டுரைத் தாள் அவர் கையில் இருந்தது, அதுவும் என் வீட்டிலிருந்து வந்த தாள். ஐந்து நிமிடத்தில் அறை காலி. மருந்துக் கடைக்காரர் முதலில் போனாராம். நான் பன்னிரண்டு பக்கத்தில் விளக்க முடியாததை, அண்ணாச்சி ஒரு சொல்லில் விளக்கிவிட்டார்.

கூட்டம் கலைந்த மறுநாள் பகலில், என் மனைவிக்கு வலி கண்டு தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. தகவல் கொண்டுவந்தவரும் எதிர்ப்பக்கம் நின்றுதான் கத்தினார். எனக்குக் காய்ச்சல் இல்லை. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. ஆனால் நாள் கணக்கு சரியாக அந்த இடத்தில்தான் நின்றது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவும் என்று படித்திருந்தேன். போகக் கூடாது என்று தெரியும். போனேன்.

உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரி வளவுக்குள் ஒரு வாகை மரம். அதன் கீழே நின்றேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. மாமியார் வராந்தாவில் இருந்து என்னைப் பார்த்தார். நான் இருக்கும் இடத்தைக் கையால் காட்டி, அங்கேயே இருக்கும்படி சைகை செய்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று நான் பார்க்கவில்லை. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அன்றைக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் ஒருவர் துணியில் சுற்றிய குழந்தையோடு வராந்தாவுக்கு வந்து, அப்பா யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கியிருக்கக் கூடாது. அவர் படியிறங்கி என்னை நோக்கி நடந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். அவர் இன்னும் நடந்தார். நான் மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவர் நின்றுவிட்டார்.

“பொம்பளப்புள்ளன்னா பாக்க மாட்டீங்களோ?”

அப்போதுதான் மகள் என்று தெரிந்தது. வளவுக்குள் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெரியவர், இந்தக் காலத்திலும் இப்படி ஓர் ஆளா, படித்தவன் மாதிரித் தெரிகிறதே என்று சத்தமாகச் சொன்னார். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அது குழந்தையே வேண்டாம் என்பதுபோலத் தெரிந்திருக்க வேண்டும். நர்ஸின் முகம் இன்னும் இறுகியது. மாமியார் வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தார்.

“பிள்ளைய உள்ள கொண்டு வாம்மா. அவருக்கு அம்மா வரப்போறா.”

நர்ஸுக்குக் கேட்டது. ஒரே எட்டில் படியேறிவிட்டார். பெரியவர் என்னிடமிருந்து நாலைந்து அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, “அதுக்கு வீட்டுல கெடக்கணும் ஓய், ஆஸ்பத்திரில ஒமக்கு என்ன சோலி?” என்றார். அவர் கேட்டது சரிதான். வயிற்றுப் பிள்ளையோடு எத்தனை பேர் வந்து போகும் இடம். தலையைக் குனிந்துகொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பின்தெரு வழியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் அடித்தது. மாலையில் மார்பில் முதல் முத்து. அண்ணன் சொன்ன கதையில் இளநீர் கிடைக்காதவன் நான்தான் என்று அன்றோடு உறுதியாயிற்று.

இந்த உடல்வலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரு பங்கு காரணம் இன்டர்ஃபெரானே, அது தன் வேலையைச் செய்வதால்தான் நமக்கு இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் வலி ஒரு துளிகூடக் குறையவில்லை. அக்கா என் வாசலில் வேப்பிலை செருகினார். தனக்கு வந்து போனதால் இனி பயமில்லை என்று அவர் மகள் பானகமும் இளநீரும் கொண்டுவந்து வைப்பாள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து கேட்டால், தெருவில் வருகிறவர்களின் காலடி என் வாசல் வரும்போது எதிர்ப்பக்கம் விலகுவது கேட்கும். ஊரில் ஒருவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் பயந்தது அதற்கல்ல. அன்று மரத்தடியில் நின்றதில், காற்றில் ஏதாவது வராந்தாவரை போயிருந்தால்? நான் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் அந்த நர்ஸ் அவ்வளவு பக்கத்தில் வந்திருக்க மாட்டாரே? என் உடம்பில் புண் காய்ந்துவந்தது. பொருக்கு உதிர்ந்தது. மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அதற்குப் பிறகும் இலஞ்சியிலிருந்து வர வேண்டிய செய்தி ஒன்று பாக்கி இருந்தது. அங்கே யாருக்கும் எதுவும் இல்லை, நாள் கடந்துவிட்டது, இனி வரலாம் என்ற செய்தி. அது வரும்வரை நான் எதையும் எழுதவில்லை. ஆவணி மாதத்தில் தென்காசியில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் என்னிடம் பதிவு கிடையாது.

செய்தி வந்ததும் சைக்கிளை எடுத்தேன். நான் போனபோது என் மனைவி முற்றத்துக்கு அந்தப் பக்கம், கதவு நிலையில் குழந்தையோடு நின்றார். மாமியாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, என்னை அதில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அந்தத் தூரத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணியும் அதற்குள் கருப்பாகக் கொஞ்சம் முடியும்தான் தெரிந்தது.

“யார மாதிரி இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் குழந்தையின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் மூன்று, கன்னத்தில் இரண்டு, மூக்கின் நுனியில் ஒன்று என்று வடு விழுந்திருந்தது.

“ஒரு புள்ளி கெடையாது இவ முகத்துல,” என்றார். “உங்கள மாதிரின்னு எப்படிச் சொல்ல?”

மாமியார் உள்ளே போயிருந்தார். பெஞ்சைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டேன்.